அப்பா வழியையும் கேளுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டில் மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் உங்களில் ஒருவருடைய நோயாளி. யாருடைய நோயாளி, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் இந்த மடலில் வராது. எனக்கு நடந்தது எந்த ஓ.பி.யிலும் நடந்திருக்கக்கூடியதுதான். கரூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் விலங்கியல் நடத்தியவள் நான். அந்தப் பழக்கத்தில் இந்த மடல் கொஞ்சம் பாடம் நடத்துவது போல ஆகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017-ல் எனக்கு 44 வயது. இடது மார்பில் கட்டி, பயாப்சி, ஆமாம் என்று முடிவு. கேஸ் ஷீட் எழுதிய டாக்டர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். "அம்மாவுக்கு, அம்மா கூடப் பிறந்தவங்களுக்கு யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையும் அதுதான். அம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் நன்றாகவே இருந்தார்கள். குடும்ப வரலாறு இல்லை என்று எழுதிக்கொண்டார். பக்கம் புரண்டது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

என் அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, மாரில் புண் வந்து நாற்பது வயதை ஒட்டி இறந்துபோனவர். அப்பாவுக்கு அப்போது 19 வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, 1991-ல் வயிறு வீங்கி நீர் கோத்து 46 வயதில் போனார். வீட்டில் அதை 'வயிற்றுக் கட்டி' என்றுதான் சொல்வார்கள். இந்த இரண்டையும் அந்த டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் சொல்லாமல் விட்டதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வருஷா வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு மெண்டலின் பட்டாணியை நடத்தினவள். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று போர்டு நிறையக் கட்டம் போட்டவள். ஆண் வழியாகவும் பெண் வழியாகவும் பண்பு ஒரே கணக்கில்தான் இறங்கும் என்று நூறு முறையாவது சொல்லியிருப்பேன். பெண்களுக்கு வரும் நோய், அதனால் பெண் வழியில்தான் வரும் என்ற நினைப்பு எனக்குள்ளும் எங்கேயோ உட்கார்ந்திருந்தது போல. கேட்ட டாக்டரும் அதே நினைப்பில் கேட்டார், நானும் அதே நினைப்பில் பதில் சொன்னேன்.

2019-ல் என் தங்கைக்குச் சினைப்பையில் புற்றுநோய், மூன்றாம் கட்டம். அவளுக்கு 41 வயது. அவளைப் பார்த்த டாக்டர் வேறு ஆள். எங்கள் இருவரின் கதையையும் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வட்டமும் சதுரமுமாக வரைய ஆரம்பித்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். அப்பாவின் சதுரத்துக்கு மேலே போய், "இங்கே யாரு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அப்பாயியும் அத்தையும் தாளுக்குள் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருஷம் ரத்தச் சோதனை. பி.ஆர்.சி.ஏ 1 மரபணுவில் கோளாறு, எனக்கும் தங்கைக்கும் ஒரே இடத்தில், ஒரே கோளாறு.

2017-லேயே தெரிந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அப்போது அவளுக்கு 39 வயது, இரண்டு பிள்ளைகள் பெற்று முடித்தவள். இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்வது வழக்கம் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியது, உங்களுக்குத் தெரிந்தது. முடிவெடுக்க அவளுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். 2022-ல் போய்விட்டாள்.

அப்புறம் நான் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு நேரமும் கோபமும் சேர்ந்தால் ஆசிரியர்கள் படிக்கத்தான் செய்வார்கள். படித்ததில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் மேரி-கிளேர் கிங். இந்த மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர். அவர் பெயரை நீங்கள் கல்லூரியில் ஒரு வரியில் படித்துத் தாண்டியிருக்கலாம். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் வாழ்க்கை முழுவதும் கேள்வி கேட்பதைப் பற்றியது. அதனால்தான் அதை உங்களுக்கு எழுதுகிறேன்.

1946-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளி வயதில் கூடப் பழகிய தோழி புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர். ஆனால் படித்தது கணிதம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் புள்ளியியல் படிக்கப் போன இடத்தில் ஒரு மரபியல் வகுப்பில் உட்கார்ந்து, அதிலேயே தங்கிவிட்டார். உயிர்வேதியியல் பேராசிரியர் ஆலன் வில்சனிடம் முனைவர் பட்ட ஆய்வு. மனிதனின் புரதங்களும் சிம்பன்சியின் புரதங்களும் 99 சதவீதம் ஒன்று என்று காட்டியது அந்த ஆய்வு. 1975-ல் இருவர் பெயரிலும் 'சயன்ஸ்' இதழில் வந்து பெரிய பேச்சானது. நடுவில் 1973-ல் சிலியில் பாடம் நடத்தப் போயிருந்தார். அங்கே ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததும் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பி வந்து கையில் எடுத்ததுதான் மார்பகப் புற்றுநோய்.

அந்தக் காலத்தில் புற்றுநோய்க்கு வைரஸ்தான் காரணம் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் நிறைய. குடும்பத்தில் திரும்பத் திரும்ப வருவது பழைய செய்திதான். பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, தன் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இது வருவதை 1866-லேயே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஒரே சாப்பாடு, ஒரே ஊர்த் தண்ணீர், தற்செயல் என்று குடும்ப ஒற்றுமைக்கு எத்தனையோ விளக்கம் சொல்லிவிடலாம். இவ்வளவு சிக்கலான, இவ்வளவு பரவலான ஒரு நோயை ஒற்றை மரபணுவில் தேடுவது வீண் வேலை என்றே பலர் நினைத்தார்கள்.

கிங் என்ன செய்தார்? கேட்டார். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் குடும்ப வரலாற்றை, யாருக்கு எந்த நோய், எந்த வயதில் என்று, எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். 1988-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 1,579 குடும்பங்கள். அவற்றில் சுமார் 4 சதவீதக் குடும்பங்களில் மட்டும் நோய் இறங்கும் விதம் மெண்டலின் ஓங்கு பண்பு போலவே, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்பது போலவே இருந்தது. மற்ற 96 சதவீதத்தில் அப்படி இல்லை. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கியதால்தான் அதுவரை யாருக்கும் ஒன்றும் புலப்படவில்லை. இத்தனைக்கும் மரபணுவைத் தொடாமலே, கேட்டும் கணக்குப் போட்டும் கண்டது இது.

அடுத்தது 23 பெரிய குடும்பங்கள், மொத்தம் 146 பேருக்கு மார்பகப் புற்றுநோய். இப்போது ரத்த மாதிரிகளில் குரோமோசோம் அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எந்த அடையாளம் நோயோடு கூடவே இறங்குகிறது என்று தேடுவது. வருஷக் கணக்கில் ஒன்றும் தேறவில்லை. 17-வது குரோமோசோமில் ஓர் அடையாளம் கொஞ்சம் பொருந்துவது போலத் தெரிந்தது. ஆனால் எல்லாக் குடும்பங்களிலும் பொருந்தவில்லை. அப்போது குடும்பங்களை நோய் வந்த வயது வரிசைப்படி அடுக்கினார்கள். இளவயதில் நோய் வந்த குடும்பங்களில் அந்த அடையாளம் நோயோடு அப்படியே ஒட்டிக்கொண்டு இறங்கியது. முதிய வயதில் வந்த குடும்பங்களில் இல்லை. பூட்டைத் திறந்த சாவி, 'எந்த வயதில்?' என்ற கேள்வி. 1990 அக்டோபரில் சின்சினாட்டியில் நடந்த மாநாட்டில் அறிவித்தார். 17-வது குரோமோசோமின் நீளக் கையில் 21-ம் பட்டை, அதுதான் மரபணு இருக்கும் முகவரி. தொடங்கி ஏறத்தாழ 16 ஆண்டு ஆகியிருந்தது.

அந்த 16 ஆண்டில் ஒரு வாரத்தைப் பற்றி அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். 1981. கணவர் பிரிந்து போகிறேன் என்கிறார். அடுத்த நாள் பல்கலைக்கழகம் வேலையை நிரந்தரமாக்குகிறது. வீடு திருட்டுப் போகிறது. இத்தனைக்கும் நடுவில், பெரிய ஆய்வு நிதி கேட்டு வாஷிங்டனுக்குப் போயாக வேண்டும். சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் நிற்கிறார். ஊர் திரும்பும் தன் அம்மாவை அம்மாவின் விமானத்துக்கு அனுப்ப வேண்டும், வரிசையோ நீளம், குழந்தையைத் தனியே விட முடியாது. பின்னால் நின்ற ஒருவர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். திரும்பிப் பார்த்தால் ஜோ டிமாஜியோ, அமெரிக்காவே கொண்டாடிய பேஸ்பால் வீரர். நம் ஊர் கணக்கில் சொன்னால் ரயில் நிலையத்தில் கபில்தேவ் உங்கள் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. அந்த நிதி கிடைத்தது. இந்த மரபணுவுக்கான தேடல் அதில்தான் நடந்தது. விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் குறிப்புகளில் பட்டமும் பதக்கமும்தான் இருக்கும், குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது இருக்காது. அதனால் எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

17-வது குரோமோசோம் என்று தெரிந்ததும் உலகமே ஓட ஆரம்பித்தது. மரபணுவையே கையில் எடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்து 1994-ல் ஜெயித்தது கிங்கின் குழு அல்ல, யூட்டாவில் மார்க் ஸ்கோல்னிக்கின் குழு. அவர் சேர்ந்து தொடங்கிய மிரியட் நிறுவனம் காப்புரிமை வாங்கியது. அமெரிக்காவில் இந்தச் சோதனையை ஏறத்தாழ அந்த ஒரே நிறுவனம்தான் செய்ய முடியும் என்ற நிலை பல ஆண்டு நீடித்தது. கட்டணம் 3,000 டாலருக்கு மேல் போனது. 2013 ஜூன் 13-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒரே குரலில், உடம்பில் இயற்கையாக இருக்கும் மரபணுவுக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கப்புறம்தான் அங்கே போட்டி வந்தது, விலை இறங்கியது.

இதில் உங்களுக்கு நேரடியாக வேலைக்கு ஆகும் செய்தி ஒன்று உண்டு. கிங் 1995-லேயே சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 2006-ல் அவர் குழு, குடும்பத்தில் நான்கு பேருக்கோ அதற்கு மேலோ நோய் இருந்தும் வணிகச் சோதனையில் 'ஒன்றும் இல்லை' என்று வந்த 300 குடும்பங்களை எடுத்துத் திரும்பச் சோதித்தது. 12 சதவீதத்தினரிடம் பி.ஆர்.சி.ஏ 1, 2 என்ற இரண்டு மரபணுக்களிலேயே கோளாறு இருந்தது. ஓர் எழுத்து இரண்டு எழுத்து மாறுவதைப் பார்க்கும் சோதனைக்கு, பத்தி பத்தியாக அறுந்துபோனதும் இரட்டித்ததும் தெரியவில்லை. பிழை திருத்துபவர் எழுத்துப்பிழையையே பார்த்துக்கொண்டிருந்தார், நடுவில் ஒரு பக்கமே கிழிந்துபோனதைப் பார்க்கவில்லை. இதற்குப் பிறகுதான் பல மரபணுக்களை ஒரே சமயத்தில், பெரிய மாற்றங்களையும் சேர்த்துப் படிக்கும் சோதனையை அவர்கள் உருவாக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் புரோக்கா, மனைவியின் குடும்பத்தைப் பற்றி எழுதிய அதே மருத்துவரின் பெயர். ஆகவே டாக்டர், பழைய 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டோடு ஒரு பெண் வந்தால், எந்த வருஷத்துச் சோதனை, எதையெல்லாம் பார்த்த சோதனை என்று தயவுசெய்து ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வழி.

2003-ல் கிங்கின் குழு நியூயார்க்கில் மார்பகப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஷ்கெனாசி யூதப் பெண்களை, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதப் பெண்களை, ஆராய்ந்தது. கோளாறு இருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொள்ளும்படி குடும்ப வரலாறே இல்லை. காரணம் எளிது. கோளாறு அப்பா வழியாக வந்திருந்தது, அல்லது குடும்பம் சின்னது, பெண்கள் குறைவு. ஒரு மனிதனுக்கு அக்கா தங்கை இல்லை, மகன்கள் மட்டுமே என்றால் இரண்டு தலைமுறை இந்த மரபணு சத்தம் இல்லாமல் நடந்து வந்துவிடும். இப்போது நம் வீடுகளைப் பாருங்கள், ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. 'குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்ற பதிலின் பலம் ஒவ்வொரு தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது.

அத்தோடு விடவில்லை. 2014-ல் ஜெருசலேமின் மரபியல் மருத்துவர் எஃப்ராத் லெவி-லஹாத்தோடு சேர்ந்து ஒரு தலைகீழ் வேலை செய்தார்கள். நோயாளிப் பெண்களிடமிருந்து தொடங்காமல், 8,000-க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான ஆண்களிடமிருந்து தொடங்கினார்கள். கோளாறு இருந்த ஆண்களின் அம்மா, அக்கா, தங்கை, மகள் என்று போய்ச் சோதித்தார்கள். அந்தப் பெண்களில் பி.ஆர்.சி.ஏ 1 கோளாறு இருந்தவர்களுக்கு 80 வயதுக்குள் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வரும் ஆபத்து 80 சதவீதத்தைத் தாண்டியது. நோய் நிறைந்த குடும்பங்களில் பார்த்த அளவுக்குக் குறையவே இல்லை. அந்தக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, குடும்ப வரலாறு கேட்டு மட்டும் வடிகட்டியிருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது. இதை வைத்துத்தான், மருத்துவ ஆய்வுக்கான பெரிய அமெரிக்க விருதான லாஸ்கர் விருது பெற்ற 2014-ல், 30 வயதை ஒட்டிய எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதினார்.

இந்த இடத்தில் மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. அமெரிக்காவுக்கு அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து விளக்க ஆள் இல்லாத இடத்தில் எல்லோரையும் சோதிப்பது பயத்தை விநியோகிப்பதாக ஆகிவிடும். எனக்குச் சோதனை முடிவு முதலில் வந்தது போனில், பி.டி.எஃப்பாக, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். விலங்கியல் படித்த எனக்கே கை நடுங்கியது. முதலில் கேள்வியை முழுசாகக் கேட்கப் பழகுவோம், விளக்கிச் சொல்ல ஆட்களைத் தயார் செய்வோம், எல்லோருக்கும் சோதனை என்பதை அப்புறம் பேசலாம்.

'இதெல்லாம் யூதர்கள் கதை, நமக்கு என்ன' என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் தங்கைக்கும் இருந்த கோளாறின் பெயர் 185 டெல் ஏ.ஜி. அஷ்கெனாசி யூதர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவரிடம் இருப்பதாகச் சொல்லப்படும் அதே கோளாறு. கரூர்க்காரிக்கு இது எப்படி வந்தது என்று முதலில் எனக்குச் சிரிப்புகூட வந்தது. தேடிப் பார்த்தால், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலிருந்து 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. தென்னிந்தியாவைச் சேர்ந்த, மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்த 61 பேரைச் சோதித்திருக்கிறார்கள். 17 பேருக்கு பி.ஆர்.சி.ஏ கோளாறு, அதில் 10 பேருக்கு இதே 185 டெல் ஏ.ஜி. பரம்பரைச் சந்தேகத்தின் பேரில் பொறுக்கி எடுத்த நோயாளிகள் என்பதால் எல்லோருக்கும் இந்த விகிதம் பொருந்தாது. என்றாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண் இல்லை. 2007-ல் வந்த இன்னோர் ஆய்வு, ஓர் இந்தியக் குடும்பத்தில் இந்தக் கோளாறு யூதர்களிடமிருந்து வராமல் தனியாகவே தோன்றியிருக்கிறது என்று சொன்னது. ஆக இது விருந்தாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை டாக்டர், இந்த மண்ணிலேயே பிறந்ததாகவும் இருக்கலாம்.

இரண்டே இரண்டு எழுத்துதான் காணாமல் போகிறது, ஏ-யும் ஜி-யும். அதற்கா இவ்வளவு என்று நோயாளிகள் கேட்பார்கள். நான் வகுப்பில் சொல்கிற மாதிரி சொல்லிப் பாருங்கள். செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். 'கடல் மணல் படகு வயல்' என்று எழுதுங்கள். முதல் சொல்லில் டகரத்தையும் லகர மெய்யையும் அழித்துவிட்டு, மறுபடி மூன்று மூன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். 'கமண, ல்பட, குவய' என்று வரும். அழித்தது இரண்டு எழுத்து, அதற்குப் பிறகு ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. 1,863 அமினோ அமிலம் கோத்து வர வேண்டிய புரதம் நாற்பதைக்கூட எட்டாமல் நின்றுவிடுகிறது. அறுந்த டி.என்.ஏ.வைத் தைக்க வேண்டிய புரதம் அது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்தக் கோளாறு வந்து, ஏதாவது ஒரு செல்லில் இன்னொருவர் கொடுத்த நல்ல பிரதியும் கெட்டுப்போனால், அந்தச் செல்லில் தையல்காரரே இல்லை.

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியும். காலை ஓ.பி.யில் எண்பது பேர், ஒருவருக்கு ஐந்து நிமிஷம். அதில் வம்சாவளி வரைய நேரம் ஏது? டாக்டர்தான் வரைய வேண்டும் என்று யார் சொன்னது? வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு தாளைக் கொடுங்கள். அம்மா வழி ஒரு பக்கம், அப்பா வழி ஒரு பக்கம், யாருக்கு என்ன, எந்த வயதில். நோய்ப் பெயர் தெரியாவிட்டால் வீட்டில் சொல்லும் பெயரையே எழுதச் சொல்லுங்கள்: வயிற்றுக் கட்டி, மாரில் புண், நீர் கோத்துச் செத்தது. அந்தப் பெயர்களை மருத்துவமாக மாற்றுவது உங்கள் வேலை. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுப்பார். நம் ஊர்ப் பெண்களுக்கு நாலு தலைமுறை உறவு விரல் நுனியில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை வைத்தே பழகியவர்கள். சொல்லப் போனால் மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் வீடுகளில் அம்மா வழி, அப்பா வழி என்ற கோடே அழிந்துபோயிருக்கும். அங்கே ஒரு பக்கத்தை மட்டும் கேட்பதில் அர்த்தமே இல்லை.

செலவு. முழுச் சோதனைக்கு நான் கொடுத்தது என் ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு, எல்லோராலும் முடியாது. ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்குக் கோளாறு இன்ன இடத்தில் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ரிப்போர்ட் கொடுக்கும்போது, இது உங்களுக்கு மட்டும் இல்லை, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண்களையும் சேர்த்து, என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழில் எழுதியே கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது வீட்டுக்குப் போவதற்குள் பாதி மறந்துபோகும், மீதியை நாங்களே மறைத்துவிடுவோம்.

ஆமாம், மறைப்போம். இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது, இதில் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் அண்ணனிடம் சோதனை செய்துகொள்ளச் சொன்னேன். "எனக்கு மகள் இருக்கா, கல்யாணம் ஆகணும். ஊருக்குள்ள இந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். அண்ணன் கெட்டவர் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஜாதகத்தையும் அப்புறம் அக்கம்பக்கத்தையும் விசாரிக்கும் ஊரில், 'அந்த வீட்டு ரத்தத்திலேயே இருக்காம்' என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். நான் சொன்னால் அது தங்கச்சியின் புலம்பல். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நேரில் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, இது வெளியே போகாது, ஆனால் உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ.

அப்பா கேட்டார். 78 வயது, ஒரு மாத்திரை கிடையாது, ஒரு நோய் கிடையாது. ரத்தம் எடுக்கும்போது பேசாமல் கையை நீட்டினார். முடிவு வந்ததும் நான்தான் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எங்கிட்ட இருந்துதான் வந்ததா?" என்றார். அப்பாயிகிட்ட இருந்து வந்ததுப்பா, நீங்க நடுவுல நின்னீங்க, அவ்வளவுதான் என்றேன். பதினெட்டு இருபது வயதில் அம்மாவையும், அப்புறம் தங்கையையும், கடைசியில் மகளையும் ஒரே நோய்க்குக் கொடுத்த மனிதருக்கு அந்த விளக்கம் எந்த அளவுக்கு உதவியது என்று எனக்குத் தெரியாது.

கிங் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. காணாமல் அடிக்கப்பட்டவர்களின் குழந்தைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடிய பாட்டிகள், எங்கள் பேரப்பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டபோது, 1984-ல் அங்கே போய் மரபியல் வழி தேடிக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். பிறகு அம்மா மட்டுமே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை வைத்துப் பாட்டியையும் பேரப்பிள்ளையையும் இணைத்தார். இன்றுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். அங்கே தாய்வழியைப் பிடித்துக்கொண்டு போன அதே விஞ்ஞானிதான் புற்றுநோயில் அப்பா வழியை மறக்காதீர்கள் என்று காட்டியவர். எந்தக் கேள்விக்கு எந்த வழி என்று தெரிந்து கேட்டார்.

நான் கேட்பது கேஸ் ஷீட்டில் ஒரு வரி. 'குடும்ப வரலாறு' என்று ஒரே கட்டமாக இருப்பதை, 'அம்மா வழி', 'அப்பா வழி' என்று இரண்டாகப் பிரியுங்கள். பக்கத்திலேயே வயதுக்கு ஒரு கட்டம். சினைப்பையையும் மார்பகத்தையும் சேர்த்தே கேளுங்கள், ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயையும் விடாதீர்கள். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம், அச்சகத்தில் ஒரு கோடு அதிகம் போட்டால் போதும்.

அண்ணன் மகளுக்கு இப்போது 27 வயது. போன மாதம் யாருக்கும் சொல்லாமல் என்னிடம் வந்து, "அத்தை, எங்க போயி பார்க்கணும்?" என்று கேட்டாள். அடுத்த வியாழக்கிழமை உங்களில் ஒருவரிடம் வருகிறாள். நான் கூட வரவில்லை, தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ரகம் அவள். அம்மாவுக்கு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள், அம்மா கூடப் பிறந்தவர்களுக்கும் இல்லை என்பாள். இரண்டுமே உண்மை. அவளுக்கு நான் அப்பா வழி.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருத்தி, கரூர் மாவட்டம்